தலைவிதியா? தொழில் விதியா?

தமிழிலே 'விதி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, பிறக்கும்போதே நெற்றியில் எழுதப்பட்டது, எவராலும் மாற்ற முடியாதது என்று நம்பப்படுவது. மற்றொன்று, மக்கள் கூடி ஆய்ந்து தமக்குத் தாமே வகுத்துக் கொள்வது. தேவை வரும்போது திருத்திக் கொள்வது. ஆலையிலே ஒரு தொழிலாளி கையிழந்தான், கண்ணிழந்தான் என்று செய்தி வரும்போதெல்லாம் முதல் விதியை நோக்கி விரல் நீட்டுவோர் பலர். இரண்டாம் விதி என்ன ஆயிற்று என்று கேட்போர் சிலர். எவர் பக்கம் உண்மை இருக்கிறது? இதற்கு விடைகாணப் பேரரசுகளின் வரலாற்றைப் புரட்ட வேண்டியதில்லை. அடுப்பங்கரை மாடத்தில் இருக்கும் தீப்பெட்டியின் வரலாறே போதும்.

1830-களிலே ஐரோப்பாவில் ஒரு புதுத் தீக்குச்சி பரவிற்று. சுவரில் உரசினாலும் பற்றும். செருப்பில் உரசினாலும் பற்றும். அதன் மருந்திலே கலந்திருந்தது வெள்ளைப் பாஸ்பரஸ். வாங்கியவர் வீட்டில் அது விளக்கேற்றிற்று. செய்தவர் வீட்டிலோ விளக்கை அணைத்தது! குச்சியை மருந்தில் முக்குவோரும், பெட்டியில் நிரப்புவோரும் நாள் முழுதும் அதன் ஆவியை உட்கொண்டனர். சொத்தைப் பல்லிலே வலி தொடங்கும், ஈறு வீங்கும், சீழ் வடியும், பின்னர்த் தாடை எலும்பே அழுகும். எலும்பை அறுத்தெடுத்தால் சிலர் பிழைப்பர், முகம் சிதைந்தபடி. பலருக்கு அந்தப் பிழைப்பும் இல்லை. 1845-ஆம் ஆண்டிலேயே வியன்னா நகர மருத்துவர் லோரின்சர் இந்நோயை விளக்கி எழுதிவிட்டார்.

மாற்று மருந்து இல்லாததால் பொறுத்துக் கொண்டனரோ என்றால், அதுவும் இல்லை. அதே 1840-களில் ஆஸ்திரிய அறிவியலார் ஷ்ரோட்டர், தாடையைத் தின்னாத சிவப்புப் பாஸ்பரஸைக் கண்டறிந்தார். பெட்டியின் பக்கத்தில் மட்டும் உரசிப் பற்றவைக்கும் பாதுகாப்புத் தீக்குச்சியைச் சுவீடன் நாட்டு லுண்ட்ஸ்ட்ரோம் உடன்பிறந்தார் விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1855-இல் பிரிட்டனில் அதைச் செய்யும் உரிமையை விலை கொடுத்து வாங்கியது பிரையண்ட் அண்ட் மே என்னும் நிறுவனம். பின்னர்க் கிழக்கு லண்டனில் பேராலை எழுப்பி, பாதுகாப்புக் குச்சியும் செய்தது; நச்சுக் குச்சியும் செய்தது. நல்லதைச் செய்யத் தெரிந்த அதே கூரையின் கீழ்தான் நஞ்சும் முக்கப்பட்டது. அறியாமை என்று இதற்குப் பெயரிட முடியுமா?

நச்சுக் குச்சி மலிவு. எங்கு உரசினாலும் பற்றும். ஆகவே வாங்குவோர் அதையே கேட்டனர். வாங்குவோர் கேட்கிறார், யாம் செய்கிறோம் என்றார் முதலாளி. மலிவாகக் கிடைக்கிறது, யாம் வாங்குகிறோம் என்றார் வாங்குவோர். இருவருக்கும் நடுவே ஒரு பெண்ணின் தாடை அழுகிற்று. அவளைக் குறித்து இருவருமே கணக்கில் எழுதவில்லை.

தொழிலாளர் மட்டும் எச்சரிக்கையாக இருந்தனரா என்று கேட்பர் சிலர். கேட்க வேண்டிய கேள்விதான். பல்வலி கண்டால் சொல்லவேண்டும், சொன்னால் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும், மறுத்தால் வேலை இல்லை என்பது ஆலையின் கட்டளை. பாதுகாப்புக்காக வகுத்த விதிதான்! ஆனால் பெண்கள் என்ன செய்தனர்? வலியை மறைத்தனர். வீங்கிய கன்னத்தைத் துணியால் மூடிக்கொண்டு வேலைக்கு வந்தனர். விதியை மீறினாள் என்று அவளைப் பழிப்பது எளிது. விதியை மதித்தால் இன்று பட்டினி. மீறினால் என்றோ ஒருநாள் நோய். இந்தத் தராசிலே பசித்தவள் எந்தத் தட்டைத் தேர்ந்தெடுப்பாள்? நஞ்சை நீக்காமல், நஞ்சுண்டவளை நீக்குகிற விதி, பாதுகாப்பு விதி ஆகாது. அது முதலாளியின் கணக்கைக் காக்கும் விதி.

1888-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இந்த ஆலையின் கதையைத் தம் ஏட்டிலே எழுதி ஊரறியச் செய்தார் அன்னி பெசண்ட் அம்மையார். பின்னாளில் அடையாற்றில் அமர்ந்து பிரம்மஞான சபைக்குத் தலைமை தாங்கிய அதே அம்மையார்தாம். அவருடைய பிற்காலக் கொள்கைகளோடு நமக்கு வேற்றுமை பல. ஆனால் அன்று அவர் ஏந்திய எழுதுகோலைப் போற்றத் தயங்கோம். காலில் அழுக்கு இருந்தால் தண்டம், பேசினால் தண்டம் என்று கூலியைக் கொறித்த கொடுமையை அவர் பட்டியலிட்டார். தன் விரல் வெட்டுப்படாமல் காத்துக்கொள்ளப் பார்த்தாள் ஒருத்தி. அதனால் இயந்திரத்தில் சிக்கல் விழுந்தது. அவளுக்கு ஒரு ஷில்லிங் தண்டம்! வாரம் நான்கே ஷில்லிங் பெற்ற பெண்களும் இருந்த ஆலை அது. விரலைப் பற்றிக் கவலை வேண்டாம், இயந்திரத்தைப் பார் என்று அவளை அதட்டினராம். இயந்திரம் பழுதானால் முதலாளி பணம் கொடுத்து வாங்கவேண்டும். விரல் பழுதானால்? வாயிலில் வேறு பத்து விரல்கள் காத்திருக்கின்றன!

அம்மையார் எழுதியது பொய் என்று கையொப்பமிடுமாறு பெண்களை வற்புறுத்தினர். அவர்கள் மறுத்தனர். ஒருத்தி வேலையிழந்தாள். ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் ஆலையை விட்டு வெளியேறினர். எழுத்தறிவு குறைந்தவர்கள், சேமிப்பு அற்றவர்கள். ஆயினும் இரு கிழமைக்குள் வென்றனர். தண்டம் ஒழிந்தது. அவர்கள் பெற்ற மற்றோர் உரிமையை நாம் நினைவில் நிறுத்தவேண்டும். அது, உணவு உண்ணத் தனி அறை. அதுவரை மருந்து படிந்த இடத்திலேயே அமர்ந்து, ரொட்டியோடு நஞ்சையும் தின்றனர். நான்கு சுவரும் ஒரு கூரையும் பெறுவதற்கு ஒரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது!

ஆனால் பாஸ்பரஸ் போகவில்லை. பத்தாண்டுக்குப் பின், 1898-இல், தாடை நோய் கண்ட 17 பேரைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததாக அதே நிறுவனம் நீதிமன்றம் ஏறிற்று. தண்டனை 25 பவுனும் சில்லறையும்! பசிக்கு அஞ்சி நோயை மறைத்தாள் தொழிலாளி. பழிக்கு அஞ்சி நோயாளிகளையே மறைத்தது நிறுவனம். முன்னவள் தாடையை இழந்தாள். பின்னது சில பவுன்களை இழந்தது.

பிறகு எப்படித்தான் ஒழிந்தது அந்த நோய்? தொண்டு ஒழிக்கவில்லை. 1891-இல் இரட்சணிய சேனையார் நஞ்சில்லாக் குச்சி செய்து, நல்ல கூலியும் கொடுத்துப் பார்த்தனர். மலிவுச் சரக்கோடு போட்டியிட முடியாமல் 1901-இல் அந்த ஆலை மூடப்பட்டது. ஒழித்தது சட்டம். பின்லாந்து 1872-இல் தடை செய்தது, டென்மார்க் 1874-இல். 1898-இல் பிரெஞ்சு அறிஞர் இருவர், எங்கு உரசினாலும் பற்றும், ஆயினும் தாடையைத் தின்னாத கலவையைக் கண்டனர். 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடித் தடை உடன்படிக்கை செய்தன. பிரிட்டன் முதலில் ஒதுங்கி நின்று, 1908-இல் சட்டம் இயற்றி, 1910 முதல் நஞ்சை விலக்கிற்று. தொழில் அழிந்ததா? இல்லை, நோய்தான் அழிந்தது.

இந்தியாவில் தடைச் சட்டம் வந்தது 1913-இல். சிவகாசி நாடார் இளைஞர் இருவர் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-இல். இடையே பத்தாண்டு. அந்தக் கரிசல் மண்ணின் தாய்மாரையும் சிறுமியரையும் தாடை அழுகும் நோய் தீண்டாததற்குக் காரணம் அவர்கள் நெற்றியெழுத்தா? அல்ல, அவர்கள் கண்டிராத எவரோ எழுதிய சட்ட எழுத்து!

ஆனால் எழுதிய விதி ஏட்டில் உறங்கினால் என்ன நேரும் என்பதையும் அதே வட்டாரம் காட்டியிருக்கிறது. பட்டாசு ஆலையில் ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று விதிகள் உண்டு. இருந்தும் 2012 செப்டம்பரில் முதலிபட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வெந்து மாண்டனர். அதன் பின்னரும் வெடிகள் ஓயவில்லை. ஒவ்வொரு முறையும் இழப்பீடு அறிவிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் 'அவர்கள் விதி' என்று சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார்.

அவருக்கு நாம் சொல்வோம்: ஆம், விதிதான். எழுதியும் நடைமுறைப்படுத்தாத விதி. சொன்னால் கூலி போகும் என்று தொழிலாளி அஞ்சி வாய்மூடிய விதி. மலிவு ஒன்றையே கேட்டு நாம் கண்மூடிய விதி. தலைவிதியை மாற்ற முடியாது என்பர். தொழில் விதியை மாற்றலாம், காக்கலாம், காக்கத் தவறியவரைக் கூண்டில் ஏற்றலாம். வலிக்கிறது என்று சொல்பவளின் கூலியைப் பறிக்காத விதி எதுவோ, அதுவே அவள் வலியைத் தீர்க்கும்.