சென்னை வானாய்வகப் பதிவேடுகளும் உலகக் காலநிலை மீள்பகுப்பாய்வும்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிப்பிட்ட நாளில் உலகெங்கும் காற்றும் அழுத்தமும் எவ்வாறு இருந்தன என்பதை, அன்று எடுத்த அளவீடுகளையும் இன்றைய கணினி வானிலை மாதிரியையும் இணைத்துக் கணக்கிடும் முறைக்கு மீள்பகுப்பாய்வு என்று பெயர். மாதிரி முதலில் ஓர் ஊகத்தைத் தரும். அந்த நேரத்தில் உண்மையில் அளந்த எண்களைக் கொண்டு ஊகம் திருத்தப்படும். திருத்தியதிலிருந்து அடுத்த ஊகம் பிறக்கும். ஆகவே பழைய அளவீடு இல்லாத இடத்தில் கணினி எவ்வளவு பெரியதானாலும் அதன் விடை ஊகமாகவே நிற்கும். இந்த வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து சென்றுள்ள மிக மதிப்புள்ள சரக்கு, சென்னை வானாய்வகத்தின் பாரமானிக் குறிப்புகள்.

சென்னையில் கருவி கொண்டு வானிலையைக் குறிக்கும் பழக்கம் வானாய்வகத்துக்கும் முந்தியது. பிற்காலத்தில் தாவரவியலாளராகப் புகழ்பெற்ற வில்லியம் ராக்ஸ்பரோ 1776 முதல் புனித ஜார்ஜ் கோட்டையில் வானிலை நாட்குறிப்பு எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி அதை அச்சிட்டது. வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வைத்திருந்த ஆய்வகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து, 1792இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடத்துக்கு மாறியது. இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகம் அதுவே. தமிழிலும் எழுத்துப் பொறித்த அக்காலக் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. ஜான் கோல்டிங்ஹாம் காலத்தில், 1796இல், தொடர்ச்சியான வானிலைப் பதிவு தொடங்கியது. மழையளவுப் பதிவு 1813இலிருந்து கிடைக்கிறது.

நூல்களில் பெயர் நிற்பது ஐரோப்பிய வானியலாளர்களுக்கு. ஆய்வகத்தின் உள்ளூர் உதவியாளர்களில் பரவலாக அறியப்பட்டவர், 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒருவரே. மற்றவர்கள் எண்களை விட்டுச் சென்றார்கள், பெயரை அல்ல.

எண் கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பாரமானியில் இருப்பது பாதரசம். வெயிலில் அது விரியும். 30 பாகை செல்சியசில் படித்த அளவை 0 பாகைக்குக் குறைக்காவிட்டால் ஏறத்தாழ 5 ஹெக்டோபாஸ்கல், அதாவது 5 மில்லிபார், கூடுதலாகக் காட்டும். சென்னையின் அட்சரேகையில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு. அதற்கு இன்னொரு 2 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் கழிக்க வேண்டும். கருவி கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் 1க்குச் சற்று மேல் கூட்ட வேண்டும். இவற்றோடு நேரமும் சேர்கிறது. வெப்பமண்டலத்தில் அழுத்தம் காலை 10 மணியளவில் உச்சத்துக்கு ஏறி மாலை 4 மணியளவில் இறங்கும். வேறுபாடு 3 ஹெக்டோபாஸ்கல் வரை வரும். எல் நினோ ஆண்டில் சென்னையின் மாதச் சராசரி அழுத்தம் மாறுவதோ சுமார் 1 ஹெக்டோபாஸ்கல்தான். எத்தனை மணிக்குப் பார்த்தார், கருவி மாடியில் இருந்ததா கீழே இருந்ததா என்பதை எழுதி வைக்காத பதிவேட்டில் அந்த ஒன்று காணாமல் போய்விடும்.

நேரக் குழப்பம் சின்ன விஷயமல்ல. சென்னை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906இல் வந்த இந்திய நேரத்தோடு 9 நிமிட வேறுபாடு. 1840களில் பல நாடுகளில் ஒரே வேளையில் புவிக்காந்தம் அளக்கும் திட்டத்தில் சென்னையும் சேர்ந்தது. அத்திட்டத்தின் பொது நேரம் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர நேரம்! பழைய ஏட்டில் மணி என்று இருப்பது எந்த ஊர் மணி என்று கேட்காமல் கணினியில் ஏற்றக் கூடாது.

நாடுகள் கூடி முறை வகுத்தது பிறகுதான். கப்பல்களின் வானிலைக் குறிப்புக்காக 1853இல் பிரசல்சிலும், நில நிலையங்களுக்காக 1873இல் வியன்னாவிலும் மாநாடுகள் நடந்தன. 1875இல் ஹென்றி பிளான்ஃபோர்டு தலைமையில் இந்திய வானிலைத் துறை தோன்றி, மாகாணங்கள் தனித்தனியே நடத்தியதை ஒரு முறைக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம். 1904இல் துறைக்கு வந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதற்கான காரணத்தைத் தேடிப் பல நாட்டு அழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டபோதுதான் தென் அலைவு என்னும் பெரும் ஊசலாட்டம் புலப்பட்டது. ஒரே நாட்டின் ஏடுகளைப் புரட்டியிருந்தால் அது தெரிந்திருக்காது.

இன்று இந்த ஒருங்கிணைப்பை, பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் ராப் ஆலன் தொடங்கிய 'ஏக்ரி' என்னும் பன்னாட்டு முயற்சி செய்துவருகிறது. 1796 முதலான சென்னை அழுத்தத் தொடரை ஆலனும் மற்றவர்களும் சீராக்கி 2002இல் வெளியிட்டனர். 1789 முதல் 1834 வரை கம்பெனிக் கப்பல்கள் எழுதிய சுமார் 900 குறிப்பேடுகளிலிருந்து 2,70,000க்கும் மேற்பட்ட பதிவுகள் எடுக்கப்பட்டன. இவ்வாறு திரட்டிய தரவுகளைப் பயன்படுத்துவது அமெரிக்காவின் 'இருபதாம் நூற்றாண்டு மீள்பகுப்பாய்வு'. பெயர் அப்படியிருந்தாலும் அதன் மூன்றாம் பதிப்பு 1836இலிருந்து தொடங்குகிறது. நிலத்திலும் கப்பலிலும் அளந்த அழுத்தத்தை மட்டுமே அது திருத்தத்துக்கு ஏற்கிறது. கடல்மேற்பரப்பு வெப்பமும் கடற்பனியும் தனியே கொடுக்கப்படும். மழை தெருவுக்குத் தெரு மாறும், வெப்பமானி நிழலுக்கு நிழல் மாறும். அழுத்தமோ பரந்த வட்டாரத்தின் நிலையைச் சொல்லும். கணக்கு 80 முறை சற்றே மாற்றிச் செய்யப்படுகிறது. 80 விடைகளும் நெருங்கியிருந்தால் நம்பலாம். சிதறியிருந்தால் அங்கே பதிவு போதவில்லை என்று பொருள்.

இது நம் பகுதிக்கு எதற்கு? 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பெய்தது. இருநூறாண்டு மழைக்கணக்கு நுங்கம்பாக்கத்துக்கு இருக்கிறது. வடக்குப்பட்டு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஏரிகளுக்கு இல்லை. இந்த ஏரிகளுக்கு நடுவே தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. கால்வாயை எத்தனை அகலம் வெட்டுவது என்று முடிவு செய்ய, இப்படிப்பட்ட மழையைக் கொண்டுவரும் வானிலை எத்தனை ஆண்டுக்கொருமுறை அமைகிறது என்று தெரிய வேண்டும். மீள்பகுப்பாய்வு அதற்கு உதவும், ஓர் எல்லை வரை. மேற்சொன்ன பதிப்பின் கட்டம் ஒன்று ஏறத்தாழ 75 கி.மீ.; நுங்கம்பாக்கமும் தாம்பரமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடிய தூரம். 12 கி.மீ. நுட்பமுள்ள இந்தியப் பருவமழை மீள்பகுப்பாய்வோ 1979இலிருந்துதான் தொடங்குகிறது. புயல் வந்த நாளை ஒன்று சொல்லும். எந்த ஏரி உடைந்தது என்பதை இரண்டும் சொல்லா. அதற்குப் பொதுப்பணித்துறை ஏடுகளும் கிராமக் கணக்குகளும் வேண்டும்.

கையெழுத்து ஏடுகளை எண்ணாக்கும் வேலையில் பொதுமக்களும் சேரலாம். 2020இல் பிரிட்டனில் ஊரடங்கின்போது 16,000 தன்னார்வலர் 16 நாளில் 52 லட்சம் மழையளவுகளைத் தட்டச்சு செய்தனர். பெரிய அறிவு தேவையில்லை, பொறுமை தேவை. 1ஐயும் 7ஐயும் பிரித்தறியும் கண் வேண்டும். ஒரே பக்கத்தைப் பலர் தனித்தனியே படித்துத் தட்டுவார்கள். எண்கள் ஒத்துப்போனால் ஏற்பார்கள், ஒவ்வாவிட்டால் அந்தப் பக்கம் மறுபடியும் வேறொருவர் கண்ணுக்குப் போகும்.