நடத்துநரின் படிகளும் ஓட்டுநரின் கால்சட்டையும்: பணியிட உடற்பயிற்சித் திட்டங்களின் தோற்றம் குறித்து

நாற்காலியை விட்டு எழாத ஊழியர்களை நடக்கவைக்கும் பணியிடத் திட்டங்களின் வரலாறு பெரும்பாலும் பிரிட்டிஷ் நோய்ப்பரவலியலாளர் ஜெரி மாரிஸிடமிருந்தே தொடங்கப்படுகிறது. தொழிற்கூடத்தில் உடற்பயிற்சி அதற்கும் முந்தியது. ஜப்பானின் அஞ்சல்துறை ஆயுள் காப்பீட்டுப் பணியகம் 1928இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி ஆலைகளுக்குள்ளும் புகுந்தது. ஆயினும், உட்கார்ந்து செய்யும் வேலையே இதயத்துக்குக் கேடாகலாம் என்ற எண்ணத்துக்கு எண்களால் உருக்கொடுத்தவர் மாரிஸ்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. அந்த எண்களுக்கு அவர் தந்த விளக்கத்தில்தான் மறுப்பு.

1953இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை, லண்டன் போக்குவரத்து ஊழியர்களில் 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண்களை ஆராய்ந்தது. இதய நாள நோய் ஓட்டுநர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 2.7 பேருக்கும், நடத்துநர்களில் 1.9 பேருக்கும் வந்தது. இரண்டடுக்குப் பேருந்தில் ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதி உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ சீட்டுக் கொடுக்க நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். படிகளே நடத்துநரைக் காத்தன என்று மாரிஸ் வாசித்தார். கருதுகோள் என்றே அவர் எழுதியதைப் பின்வந்தோர் முடிவாக்கிக்கொண்டனர்.

இங்கே 1956இல் ஹெடி, மாரிஸ், ராஃபிள் மூவரும் அதே இதழில் வெளியிட்ட இரண்டு பக்கக் குறிப்பை நிறுத்திப் படிக்க வேண்டும். அதன் சான்று மருத்துவமனைப் பதிவு அன்று, சீருடை தைக்க எடுத்த அளவுகள். தையலுக்கான அளவு நோய்ப்பரவலியலுக்குச் சான்றானது ஆய்வுலகில் அபூர்வம். கால்சட்டையின் இடுப்பளவு ஓட்டுநர்களுக்கே பெரிது, இளவயதினரிடையேயும் அப்படித்தான். இளைஞர்களிடம் இந்த வேறுபாடு இருப்பதுதான் என் வாதத்தின் அச்சாணி. வேலை தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே இடுப்பு இவ்வளவு பிரிந்திருக்குமா? பருத்தவர்கள் ஓட்டுநர் இருக்கைக்கும், மெலிந்தவர்கள் படிக்கட்டுக்கும் முன்பே பிரிந்து போயிருக்கலாம் அல்லவா? அளவுநாடா ஒருமுறை எடுத்த அளவு முன்பின் சொல்லாது. ஆகவே இதைத் தீர்ப்பாகச் சொல்லவில்லை. ஆனால் படிகளுக்கு மட்டுமே முழுப் புகழையும் கொடுப்பதற்கு இந்தப் பதிவேடு இடம் தரவில்லை என்பது என் துணிபு. மாரிஸுக்குச் சாதகமான சான்றும் உண்டு: நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த அஞ்சல்காரர்களுக்கு, மேசையில் இருந்த எழுத்தர்களைவிட நோய் குறைவு. அங்கே பேருந்தும் இல்லை, போக்குவரத்து நெரிசலின் பதற்றமும் இல்லை. இதை எளிதில் தள்ள முடியவில்லை.

படிகளா, உடல்வாகா என்பது எப்படியானாலும், நடத்துநர் உடற்பயிற்சி செய்யவில்லை; சீட்டுக் கொடுத்தார். அசைவு அவருடைய வேலைக்குள் இருந்தது. இந்த வேறுபாடு 1973இல் வந்த மாரிஸின் பிந்தைய ஆய்விலேயே மங்கிப்போகிறது. நிர்வாகத் தரத்து அரசு ஊழியர்களான 16,882 ஆண்களிடம், வெள்ளி, சனிக்கிழமைகளில் ஓய்வுநேரத்தில் என்னென்ன செய்தார்கள் என்று திங்கள்கிழமை காலை கேட்கப்பட்டது. கடுமையான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நோய் அபாயம் மூன்றில் ஒரு பங்குதான். அலுவலக நேரம் கேள்வியிலேயே இல்லை. மேசை வேலையில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். ஆனால் அந்த இடத்தில்தான் பொறுப்பு வேலையிடமிருந்து ஊழியரின் தலைக்கு மாறியது என்பேன். பிற்கால நிறுவனத் திட்டங்கள், உடற்பயிற்சிக்கூடக் கட்டணச் சலுகை முதல் காலடி எண்ணும் போட்டி வரை, 1953ஐப் பாராட்டிவிட்டு 1973இன் வழியிலேயே நடக்கின்றன.

லண்டனின் வழக்கமான தடங்களில் இருந்து நடத்துநரோடு ஓடிய பழைய இரண்டடுக்கு ரூட்மாஸ்டர் பேருந்துகள் 2005 டிசம்பரில் விடைபெற்றன. ஓட்டுநர் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார்.