தென்வானின் தூபக்கால்

விருச்சிகத்தின் வாலுக்குத் தெற்கே சிறியதொரு விண்மீன் கூட்டம் உண்டு. அரபு வானியலாளர் அதனை ‘அல்மிஜ்மரா’ என்றனர். நம் இல்லங்களில் சாம்பிராணி புகைக்கும் தூபக்கால்தான் அது. கிரேக்க அறிஞர் தாலமி வழங்கிய கிரேக்கப் பெயரின் அரபு வடிவம் அது. அவர் கணக்கில் அதற்கு ஏழு விண்மீன்கள்.

கி.பி. 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி நிலைவிண்மீன்கள் குறித்துத் தம் நூலை எழுதினார். தாலமியின் நெட்டாங்குகளுடன் 12 பாகை 42 கலை கூட்டித் தம் காலத்துக்குப் பொருத்தினார். ஒளியளவுகளையோ தம் கண்ணாலேயே மதிப்பிட்டார். 1437இல், தைமூரின் பேரர் உலூக் பேக் சமர்கந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைப் பட்டியலிட்டார். அவற்றுள் தூபக்கால் உள்ளிட்ட 27 தென்வான் மீன்கள் அவ்வூரிலிருந்து காண இயலாதவை. அவற்றின் இடங்களை அஸ்ஸூஃபியிடமிருந்து பெற்றதாக அவர் வெளிப்படையாகவே எழுதினார். அரசரல்லவா, தாமே அளந்ததாகச் சொல்லியிருந்தால் எவர் கேட்டிருப்பார்? ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து பழகிய சமூகத்தில் பிறந்த நேர்மை அது என்றே நாம் கருதுகிறோம். அவ்வரிசையைப் பின்தொடர்ந்தால் அளவுகள் தாலமியையே சென்றடைகின்றன. அவருக்கும் அலெக்சாந்திரியாவில் அம்மீன்கள் அடிவானை ஒட்டியே தெரிந்தன.

தருமபுரியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகையில் உள்ளது. இங்கு அதன் முதன்மை மீன்கள் தெற்கே இருபது பாகைக்கு மேல் எழுகின்றன. சித்திரைத் தொடக்கத்தில், ஃபஜ்ர் பாங்குக்குச் சற்று முன், பென்னாகரம் பக்கத்து இருண்ட வெளியொன்றில் நின்று தெற்கே நோக்கினால், சமர்கந்தின் சுல்தான் காணாததை நம் பிள்ளைகள் காணலாம்.