இறப்பரின் இயல்பை உணர்த்திய பேரறிஞர்

கண்டியைச் சூழ்ந்த தாழ்வரைகளில் இறப்பர் மரங்கீறிப் பாலெடுத்தல் நெடுநாளைய தொழிலாகும். 1876 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கியூ தோட்டத்தினின்றும் வந்த கன்றுகளைப் பேராதனைத் தாவரத் தோட்டத்தார் பெற்று, வெப்பம் மிக்க ஹெனரத்கொடையில் நடுவித்தனர். மரத்தை வளர்க்கக் கற்ற உலகம், அதன் பால் தரும் பொருளின் அமைப்பை நெடுங்காலம் அறிந்திலது. அதனை விளக்கியவர் ஜேர்மானிய இரசாயன அறிஞர் ஹேர்மன் ஸ்ரௌடிங்கர் ஆவர்.

1881 இல் வேர்ம்ஸ் நகரிற் பிறந்த இவர், 1912 முதல் சூரிச்சிலும் 1926 முதல் பிரைபேர்க்கிலும் பேராசிரியராக விளங்கினார். சிறு மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்ட கூட்டமே இறப்பர் என்பது அக்கால அறிஞர் பலரின் கொள்கை. அவ்வாறன்று, வலுவாகப் பிணைந்த நீண்ட சங்கிலியே அதுவென 1920 இல் இவர் எழுதினார்.

இரட்டைப் பிணைப்புக்களின் ஈர்ப்பே சிறு மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருப்பின், ஐதரசனேற்றி அப்பிணைப்புக்களை நீக்கியதும் இறப்பர் எளிதில் ஆவியாகும் பொருளாதல் வேண்டும். 1922 இல் இவர் செய்து காட்டிய சோதனையில் அவ்வாறு நிகழவில்லை. இறப்பரின் தன்மை பெரிதும் மாறாதிருந்தது. இவ்வாறு காட்டியும் எதிர்ப்பு ஓய்ந்திலது. பல்லாண்டு வாதிட்ட பின்னரே பெருமூலக்கூற்றுக் கொள்கை நிலைபெற்றது.

அரசியலும் இவரை வருத்தியது. முதலாம் உலகப் போரில் இவர் கொண்ட அமைதிக் கருத்தைக் காட்டி, 1933 இல் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த தத்துவஞானி ஹைடெகர் இவர்மீது குற்றஞ் சாட்டினார். எனினும் பதவி தப்பியது.

1953 இல், தமது 72 ஆம் வயதில், நோபல் பரிசு பெற்ற இவர் 1965 இல் மறைந்தார். நைலோன் முதலிய செயற்கைப் பொருள்களின் இயல்பை விளக்குவதும் இவர் வகுத்த கொள்கையே. பெரியோர் கூற்றாயினும் சோதனையின் சான்றுக்கு அமைதல் வேண்டுமென்பதை இவர் வாழ்வு மாணாக்கர்க்கு உணர்த்துகின்றது.