உள்ளடக்கச் சந்தைப்படுத்தல்

உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் என்பது, பொருளை வாங்கும்படி நேரடியாக விளம்பரம் செய்யாமல், வாடிக்கையாளருக்குப் பயன்படும் கட்டுரை, காணொளி, வழிகாட்டி போன்றவற்றைத் தொடர்ந்து வெளியிட்டு அவர்களின் நம்பிக்கையைப் பெறும் வணிக முறையாகும்.

இம்முறை இணையத்துக்கு முந்தியது. அமெரிக்க வேளாண் கருவி நிறுவனமான ஜான் டீர் 1895-இல் ‘தி ஃபர்ரோ’ என்ற உழவர் இதழைத் தொடங்கியது. பிரான்சின் மிச்செலின் டயர் நிறுவனம் 1900-இல் வாகன ஓட்டிகளுக்கான கையேட்டை இலவசமாக வழங்கியது. வண்டி பழுதுபார்க்கும் இடங்கள், விடுதிகள் முதலிய விவரங்கள் அதில் இருந்தன. பயணம் பெருகினால் டயர் விற்பனையும் பெருகும் என்பதே நோக்கம்.

இணையத்தில் இதன் மையம் நிறுவனத்தின் சொந்த வலைத்தளம். தையல் இயந்திரம் விற்கும் நிறுவனம் ஒன்று, தைக்கும்போது நூல் அடிக்கடி அறுவதற்கான காரணங்களை விளக்கினால், அதைக் கூகுளில் தேடுபவர் அப்பக்கத்துக்கு வந்து சேர்கிறார். அதே விளக்கம் யூடியூபில் செய்முறைக் காணொளியாகவும், இன்ஸ்டாகிராமில் ரீல்ஸாகவும், வாட்ஸ்அப் செய்தியாகவும் பரவுகிறது. பார்வைகள், விசாரணைகள், விற்பனை ஆகியவற்றைப் பகுப்பாய்வுக் கருவிகள் அளந்து காட்டுகின்றன. விளம்பரத்தைவிடப் பலன் மெதுவாகவே கிடைக்கும். ஆனால் நல்ல பக்கம் பல ஆண்டுகள் வாசகரை ஈர்க்கும்.

தரமும் நேர்மையுமே இதன் அடிப்படை. கூகுள் 2011-இல் ‘பாண்டா’ என்ற மாற்றத்தின் மூலம், சாரமற்ற பக்கங்களையும் நகலெடுத்த பக்கங்களையும் தேடல் முடிவுகளில் பின்னுக்குத் தள்ளியது. இந்தியாவில், விளம்பரத் தர மன்றம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சமூக ஊடகப் பிரபலங்கள் பணமோ பொருளோ பெற்று இடும் பதிவுகளில் அவை விளம்பரம் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.