ஜாக்கி: பந்தயக் குதிரையோட்டியின் பயிற்சியும் வரலாறும்

பந்தயத்தில் குதிரை ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர் ஜாக்கி. கோலார் தங்கவயலில் ஒருவர் ஜாக்கியாக விரும்பினால், அவருக்கு மிக அண்மையிலுள்ள பந்தயக் களம், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு நகரின் நடுவே இருக்கிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், தங்கவயல்காரர்கள் ஆயிரக்கணக்கில் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். ஆனால் ஜாக்கி வேலையை அப்படிப் போய்வந்து கற்க முடியாது. இருள் பிரியும்போதே குதிரைகள் டிராக்கில் இறங்கிவிடும்; கற்பவன் அதற்கு முன்பே லாயத்தில் நிற்க வேண்டும்.

தென்னிந்தியாவில் பந்தயம் பழையது. சென்னைக் கிண்டியின் பந்தய வரலாறு 1777இலிருந்து எண்ணப்படுகிறது. மைசூர் ரேஸ் கிளப் 1891இலும் பெங்களூர் டர்ஃப் கிளப் 1921இலும் தோன்றின. ஹைதர், திப்பு காலத்தில் படைக்குக் குதிரை வளர்த்த குணிகல் பண்ணை பிற்காலத்தில் பந்தயக் குதிரைகளை வளர்த்தது. தொடக்கத்தில் களத்தில் முன்னின்றவர்கள் வெள்ளைக்காரர்கள். 1943இல் பம்பாய் மகாலட்சுமியில் நடந்த முதல் இந்தியன் டெர்பியில் ‘பிரின்சஸ் பியூட்டிஃபுல்’ என்ற குதிரையை வெற்றிக்கு ஓட்டியவரும் எட்கர் பிரிட் என்ற ஆஸ்திரேலியரே. விடுதலைக்குப் பின் பாண்டு காடே, வசந்த் ஷிண்டே, பெசி ஷ்ராஃப் என்று இந்தியப் பெயர்கள் முன்னுக்கு வந்தன. சென்னையின் ரூபா சிங், ஆண்களோடு சரிநிகராக ஓட்டி நூற்றுக்கணக்கான பந்தயங்களை வென்றார்.

உட்காரும் முறை மாறிய கதையைத் தனியே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வரை ஜாக்கிகள் அங்கவடியை நீளமாகத் தொங்கவிட்டு, சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தே ஓட்டினார்கள். 1897இல் இங்கிலாந்துக்குப் போன அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன், அங்கவடியைக் குட்டையாக்கி, குதிரையின் கழுத்தோடு குனிந்து ஓட்டினார். முதலில் பழித்த ஊர், அவர் வென்றதும் அதையே பின்பற்றியது. காரணத்தை 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு விளக்கியது: குனிந்து நிற்கும் ஜாக்கி தன் முழங்கால்களைச் சுருள்வில்போல மடக்கி நீட்டுகிறார், குதிரை அவருடைய எடையைச் சுமக்கிறதே தவிர, ஒவ்வொரு பாய்ச்சலிலும் அவரை மேலும் கீழுமாகத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பார்ப்பவருக்கு அசையாமல் இருப்பதாகத் தெரிந்தாலும், தொடையும் இடுப்பும் முதுகும் ஓய்வின்றி உழைக்கின்றன. உடல் இலேசாக இருந்தால் போதும், ஜாக்கியாகிவிடலாம் என்று நினைப்பது பெரும் தவறு.

இந்தத் தசை வலு லாயத்தில்தான் தொடங்குகிறது. சாணம் அள்ளுவது, உடம்பு தேய்ப்பது, குளம்பு பார்ப்பது, கடிவாளமும் சேணமும் பூட்டுவது எல்லாம் ‘சைஸ்’ என்னும் குதிரைக்காரரின் வேலை. அவருக்குத் துணைநின்று பழகியவன்தான் காது மடங்குவதிலேயே குதிரையின் கோபத்தை அறிவான். பிறகு நடை, மெல்லோட்டம், கேன்டர், கடைசியில் முழுப் பாய்ச்சல். முன்பெல்லாம் லாயத்தில் ரைடிங் பாயாக இருந்து, டிரெய்னரின் கண்ணில் பட்டால்தான் பந்தயச் சவாரி கிடைக்கும். இன்று பெங்களூர் டர்ஃப் கிளப் பயிலுநர்களுக்கெனப் பள்ளி நடத்துகிறது. ஆனாலும் கற்றுத் தருவதில் பாதி இன்னும் குதிரையே.

திறமைகளில் எனக்கு மிக அரிதாகத் தோன்றுவது நேரக் கணக்கு. செய்தித்தாளின் பந்தயப் பக்கத்தில் ‘600/45’ என்று வருமே, 600 மீட்டரை 45 விநாடியில் ஓடியது என்று பொருள்; பர்லாங்குக்கு ஏறக்குறைய 15 விநாடி. கையில் கடிகாரம் இல்லாமல், டிரெய்னர் கேட்ட அந்த வேகத்தையே உடம்பால் உணர்ந்து கொடுக்க வேண்டும். இக்கணக்கு தெரியாதவன் முதல் பாதியிலேயே குதிரையின் மூச்சைத் தீர்த்துவிடுவான்.

இந்தியப் பந்தயங்களில் குறைந்த சுமை ஐம்பது கிலோவை ஒட்டியே இருக்கும். அதில் சேணமும் அடக்கம். ஓடுவதற்கு முன்னும் பின்னும் தராசில் ஏற வேண்டும். எடை குறைந்தால் சேணத்தில் ஈயம் வைக்கலாம். மிஞ்சினால் வயிற்றைத்தான் குறைக்க வேண்டும். பட்டினி கிடந்து, வியர்த்து நீர் வற்றவிட்டுச் சவாரி ஏறும் வழக்கம் இத்தொழிலின் பழைய நோய். பயிலும் ஜாக்கிக்குச் சுமையில் சில கிலோ சலுகை உண்டு. வெற்றிகள் கூடக் கூட அது குறைந்து, கடைசியில் இல்லாமற்போகும். அப்போது அவர் முழு ஜாக்கி.

1974இல் தமிழ்நாடு அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட ஆட்டமல்ல, திறமை ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் கணக்கில் கொள்ளப்பட்ட திறமைகளில் ஜாக்கியின் திறமையும் ஒன்று.

மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அரை டன் குதிரையிலிருந்து விழுந்தால், பின்னால் வருபவற்றின் குளம்புகளுக்கு நடுவேதான் விழ வேண்டும். தலைக்கவசமும் உடற்கவசமும் வந்தபின்னும் எலும்பு முறியாத ஜாக்கியைக் காண்பது அரிது. மகனையோ மகளையோ இத்தொழிலுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் ஒருமுறை களத்துக்குப் போய்ப் பார்க்கட்டும்: ஒவ்வொரு பந்தயத்திலும் குதிரைகளுக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸும் ஓடுகிறது.