கொடையாளர் பதிவேடு மக்கள்தொகையின் மாதிரியா? குருதி வகைப் பரவல் குறித்து ஒரு மறுஆய்வு

இரத்த வங்கிப் பதிவேடுகளிலிருந்து ஏ, பி, ஓ, ஏபி விழுக்காடுகளைத் தொகுத்து, அவற்றையே ஒரு மாவட்டத்தின் குருதி வகைப் பரவலாக முன்வைக்கும் ஆய்வுகள் இந்தியாவில் ஏராளம். இருப்பைத் திட்டமிட அந்த எண்கள் போதும். மக்கள்தொகையின் மரபியலைப் பேசப் போதா. யார் அழைக்கப்பட்டனர், எவ்வாறு சோதிக்கப்பட்டனர், எவ்வாறு எண்ணப்பட்டனர் என்பனவும் அந்த விழுக்காடுகளுக்குள் கலந்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இச்சிக்கல் துறையின் தொடக்கத்திலேயே உண்டு. முதல் உலகப்போரில் சலோனிக்காவில் கூடியிருந்த பல நாட்டுப் படைவீரர்களின் குருதியைச் சோதித்த லுட்விக், ஹன்னா ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் 1919இல் முடிவுகளை வெளியிட்டனர். பி வகை ஆங்கிலேயரில் 7.2 விழுக்காடு, இந்தியரில் 41.2. ஐரோப்பாவைவிட ஆசியாவில் பி மிகுதி என்ற முடிவு பொதுவாக இன்றும் நிற்கிறது. ஆனால் அன்றைய இந்தியப் படை பஞ்சாப் முதலான வடபகுதிகளிலிருந்தே பெரிதும் ஆள் எடுத்தது. வடக்கில் பி முந்துவதும் தெற்கில் ஓ முந்துவதும் பிற்காலத் தரவுகளில் அடிக்கடி காணப்படுவதால், 41.2 என்பதை இந்தியா முழுமைக்கும் பொருத்த இயலாது.

எல்லாச் சாய்வும் கணக்கைக் கெடுப்பதில்லை. இந்தியக் கொடையாளரில் மிகப் பெரும்பான்மையோர் ஆண்கள். ஆயினும் ஏபிஓ மரபணு 9ஆம் குரோமோசோமிலும் ஆர்எச்டி மரபணு 1ஆம் குரோமோசோமிலும் இருப்பதால், ஆண்கள் மிகுவதால் மட்டும் வகை விழுக்காடு மாறாது. கொடையாளரைத் தெரிவுசெய்யும் முறை குருதி வகையோடு தொடர்புபட்டிருந்தால்தான் பிழை நேரும்.

இங்கிலாந்து இதற்குத் தெளிவான சான்று. அங்கு ஓ நெகட்டிவ் மக்கள்தொகையில் ஏறத்தாழ 8 விழுக்காடு. கொடையாளரில் ஏறத்தாழ 13. நோயாளியின் வகை தெரியாத அவசர வேளையில் அவ்வகையே கைகொடுப்பதால், அதை உடையவர்கள் தேடி அழைக்கப்படுகிறார்கள். நம்மூரில் 'நெகட்டிவ் உடனே தேவை' என்று பரவும் வாட்ஸ்அப் செய்திகளும் அதே திசையில் இழுப்பவையே. இதன் விளைவு சிறிதன்று. ஆர்எச் நெகட்டிவ் 5 விழுக்காடு என்றால், ஹார்டி–வைன்பெர்க் விதிப்படி அதற்குரிய மரபணு வடிவத்தின் அளவு 0.22. அழைப்பினால் அது 7 விழுக்காடாகத் தோன்றினால் அளவு 0.26 ஆகிவிடும். அகமணக் குழுக்கள் பலவற்றைக் கலந்து எண்ணும்போது அவ்விதியின் அடிப்படையே தளர்கிறது.

சோதனை முறையும் வகையை மாற்றிக் காட்டும். வலுக்குறைந்த டி உடையவர் கொடையாளராக வரும்போது பாசிட்டிவ் எனப் பதியப்படுகிறார். அவரே நோயாளியானால் முன்னெச்சரிக்கையாகப் பல இடங்களில் நெகட்டிவ் எனக் கருதப்படுகிறார். 1952இல் விவரிக்கப்பட்ட பாம்பே வகையினர், சிவப்பணுவை மட்டும் சோதித்தால் ஓ வகைக்குள் மறைந்துபோவர். எண்ணும் முறையிலும் கவனம் வேண்டும். ஆண் ஒருவர் 90 நாளுக்கொருமுறை கொடை அளிக்கலாம். ஆளை விட்டுப் பையை எண்ணினால், அடிக்கடி அழைக்கப்படும் அரிய வகையினர் ஓராண்டில் நான்கு பேராகிவிடுவர்.

ஆகவே பதிவேட்டைப் பயன்படுத்தும் ஆய்வாளர், முதன்முறை கொடையாளரை மட்டும் ஒருமுறை எண்ண வேண்டும். வகை சொல்லி அழைக்கப்பட்டோரைப் பிரிக்க வேண்டும். வலுக்குறைந்த டி சோதனை விதியைக் குறிப்பிட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க தரவு ஒன்றும் அருகிலேயே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகக் குருதி வகை பார்க்கப்படுகிறது. வகையை வைத்து எவரும் அங்கு அழைக்கப்படுவதில்லை. ஒரே வட்டாரத்தில், ஒரே சோதனை விதியின்கீழ், இவ்விரு பதிவேடுகளையும் ஒப்பிட்டால், அழைப்பின் தாக்கத்தையே எண்ணாக அளக்கத் தொடங்கலாம். அந்த ஒப்பீடு இல்லாத விழுக்காடுகளைக் 'கொடையாளரிடையே பரவல்' என்று மட்டுமே தலைப்பிடுவது முறை.